போர் முடிந்து ஊர் திரும்பிய ஆல்வின் யார்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதல் உலகப் போர் பற்றி முன்பு வெளியான பதிலொன்றில், டென்னசி மலைநாட்டிலிருந்து போருக்குச் சென்று, 1918-இல் பிரான்சில் நடந்த ஒரே சண்டையில் 132 ஜெர்மானியரைச் சிறைப்பிடித்ததாகப் புகழ்பெற்ற அமெரிக்கச் சிப்பாய் ஆல்வின் யார்க்கின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் அவருடைய வாழ்வையும் மறைவையும் பற்றிக் கேட்டு எழுதியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: 1941-இல் வெளிவந்த 'சார்ஜென்ட் யார்க்' படத்தை அண்மையில் பார்த்தேன். போர்முனையிலிருந்து திரும்பும் நாயகனுக்கு மாநில மக்கள் நிலமும் வீடும் பரிசாகக் கொடுப்பதோடு படம் முடிகிறது. உண்மையிலேயே அப்படித்தான் நடந்ததா? அதன் பிறகு அவர் என்ன ஆனார்?
(காரைக்குடி வாசகர் ஒருவர்)

பதில்: நிலம் கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் விலையை முழுமையாகக் கட்டி முடிக்காத நிலம் அது என்பதைப் படம் சொல்லாமல் விட்டுவிட்டது. யார்க்கின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது அந்த விடுபட்ட பகுதியைத்தான் என்று நான் கருதுகிறேன்.

ஆல்வின் கல்லம் யார்க் 1887 டிசம்பர் 13 அன்று, கென்டக்கி மாநில எல்லையை ஒட்டிய டென்னசி மலைப்பகுதியில், உல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள பால் மால் என்ற சிற்றூரில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய இரண்டு அறை வீட்டில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் மூன்றாமவர். தந்தைக்குச் சிறிதளவு நிலமும் ஒரு கொல்லுப்பட்டறையும் இருந்தன. குடும்பத்துக்கு வேண்டிய உடுப்புகளைத் தாயே பின்னிக் கொடுத்தார். நிலத்தில் கை தேவைப்பட்டதால் பிள்ளைகள் பள்ளியில் தங்க முடியவில்லை. ஆல்வின் தம் வாழ்நாளில் பள்ளிக்குச் சென்றது மொத்தம் ஒன்பது மாதங்கள்தான். 1911-இல் தந்தை இறந்தபோது மூத்த அண்ணன்மார் இருவரும் திருமணமாகி வேறிடம் சென்றுவிட்டிருந்தனர். ஆகவே தாயையும் தம்பி தங்கைகளையும் காக்கும் பொறுப்பு இவர் தலைமேல் விழுந்தது. ரயில் பாதை அமைக்கும் இடத்தில் கூலி வேலை பார்த்தார், காட்டில் மரம் வெட்டினார், வேட்டையாடிக் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்தார்.

இந்த மனிதர் 1919 மே மாதம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியபோது நாடே அறிந்த பெயராக மாறியிருந்தார். ஏப்ரலில் ஒரு வார இதழ் அவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரை லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றிருந்தது. ஊர்வலம் நடந்தது, விருந்து நடந்தது, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினர். படத்தில் நடிக்கவும் பொருள்களுக்கு விளம்பரம் தரவும் கேட்டு வந்தவர்கள் பெருந்தொகைகளைச் சொன்னார்கள். சீருடையை விற்பனைக்கு வைக்க முடியாது என்பதே அவர்கள் அனைவருக்கும் யார்க் தந்த பதிலின் சாரம். ஊருக்குத் திரும்பி, போருக்கு முன்பே மனத்தில் வரித்துக்கொண்டிருந்த கிரேசி வில்லியம்ஸ் என்ற பெண்ணை ஜூன் 7 அன்று மணந்தார். மாநில ஆளுநரே திருமணத்தை நடத்திவைத்தார்.

விளம்பரப் பணத்தை மறுத்த யார்க், நாஷ்வில் ரோட்டரி சங்கத்தார் முன்வந்து தருவதாகச் சொன்ன நிலத்தை ஏற்றுக்கொண்டார். ஆற்றங்கரையில் ஏறத்தாழ 400 ஏக்கர் வளமான பூமி. மலைச்சரிவில் கல்லோடு போராடி வளர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய செல்வம் இருந்திருக்க முடியாது. ஆனால் நிலம் தவணையில் வாங்கப்பட்டிருந்தது. திரட்டிய நன்கொடை முன்பணத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. வீடு கட்டி முடிக்கப்படவில்லை. கால்நடை, விதை, கருவிகள் ஆகியவற்றுக்கு யார்க் கடன் வாங்கினார். போர்க்காலத்தில் உயர்ந்திருந்த விளைபொருள் விலை 1920, 1921 ஆண்டுகளில் நாடெங்கும் சரிந்து விவசாயிகளைத் தெருவில் நிறுத்தியது. சரியாக அந்த நேரத்தில்தான் இவர் புதிய கடனுடன் ஏர் பூட்டியிருந்தார். தவணையைத் தொடர்ந்து கட்ட நன்கொடையாளர்களால் இயலாமல் போகவே, மீதியும் இவர் பொறுப்பானது.

1921-இல் வேறு வழியின்றிப் பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது. அவருடைய வரவுசெலவைப் பத்திரிகைகள் வரிவரியாக அலசின. சில கடுமையாகவும் எழுதின. எந்தக் கஷ்டத்தையும் பழகிக்கொள்ள முடியும், கடன்பட்டிருக்கும் கஷ்டம் மட்டும் தமக்கு ஒத்துவரவில்லை என்ற பொருளில் யார்க் அப்போது பேசினார். 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ் அவர் நிலையை எழுதி, நாடெங்கும் உள்ள ரோட்டரி சங்கங்களும் பணம் அனுப்பிய பிறகு, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கடன் அடைந்தது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், ஒருவருக்குப் பரிசு என்று பெயர் சொல்லி அதன் சுமையை அவர் தோளிலேயே விட்டுவிட்டு, பிறகு அவர் திண்டாடுவதை ஊர் கூடிப் பேசியது நியாயமான நடத்தை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: அவர் போருக்குப் போகவே விரும்பவில்லை என்றும், வேதத்தின் பேரில் மறுத்தார் என்றும் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் எப்படித் துப்பாக்கி ஏந்தினார்? மனசாட்சியை விட்டுக்கொடுத்தாரா?
(நாகர்கோவில் வாசகி)

பதில்: கேள்வி கடினமானது. யார்க்கே வெகுகாலம் இதோடு மல்லாடினார் என்பதால், ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ தீர்ப்பு எழுத எனக்குத் துணிவில்லை.

தந்தை இறந்த பிறகு சில ஆண்டுகள் யார்க் குடியிலும் சூதாட்டத்திலும் மூழ்கிக் கிடந்தார். மாநில எல்லைக்கோட்டின் மேல் இருந்த சாராயக் கொட்டகைகளில் சண்டை போட்டுப் பெயர் கெட்டிருந்தது. தாயின் கண்ணீரும் ஒரு சுவிசேஷக் கூட்டமும் அவரைத் திருப்பின. 1915 புத்தாண்டு நாளிலிருந்து குடி, சூது, புகையிலை எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் சேர்ந்த திருச்சபை மிகச் சிறியது. வேதாகமத்தைத் தவிர வேறு விதிநூல் கிடையாது என்பது அதன் கொள்கை. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை அவர்கள் எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள்.

1917 ஜூன் 5 அன்று கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பெயர் பதிந்தபோது, விலக்குக் கோருகிறீர்களா, என்ன காரணம் என்ற கேள்விக்கு எதிரே, ஆம், சண்டையிட விருப்பமில்லை என்ற கருத்தில் மூன்று நான்கு சொற்களை எழுதிக் கொடுத்தார். ஊரில் பெயர் பதியும் பொறுப்பு அவருடைய போதகரும் மளிகைக் கடைக்காரரும் அஞ்சலகத் தலைவருமான ரோசியர் பைல் என்பவரிடமே இருந்தது. அவர் துணையோடு யார்க் மேல்முறையீடும் செய்தார். ஆனால் போரை மறுக்கும் தனி விதி எதையும் அச்சபை எழுதிவைத்திருக்கவில்லை என்று காரணம் காட்டி அரசு மறுத்துவிட்டது. வேதாகமம் ஒன்றே விதி என்று வாழ்ந்தவர்களுக்கு, வேறு விதிநூல் இல்லாததே வழக்கில் பாதகமாக முடிந்தது.

ஜார்ஜியா மாநிலத்துப் பயிற்சி முகாமில், 82-ஆவது டிவிஷன், 328-ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்க்கப்பட்ட யார்க், குறி தவறாமல் சுடுகிறவராக இருந்தும், மனிதரைச் சுட முடியாது என்று மேலதிகாரிகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். இந்த இடத்தில் நான் மதிக்கிறவர்கள் கேப்டன் டான்ஃபோர்த்தும் மேஜர் பக்ஸ்டனும். அவர்கள் அவரைக் கோழை என்று ஏசவில்லை, சிறையில் போடவில்லை. எதிரே உட்கார வைத்து, வேதாகமத்தைத் திறந்து, வசனத்துக்கு வசனம் பேசினார்கள். "சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்று யார்க் சொன்னால், பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்துவிடும் காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்ற எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தை டான்ஃபோர்த் வாசித்துக் காட்டினார். பிறகு பத்து நாள் விடுப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். யார்க் மலைமேல் ஏறித் தனியே இருந்து ஜெபித்தார். போகலாம் என்று தமக்கு உறுதி கிடைத்ததாகச் சொல்லித் திரும்பி வந்தார்.

அவர் மனசாட்சியை விற்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதே சமயம், அந்த விவாதத்தில் ஒரு பக்கம் அதிகாரிகளும் சட்டமும் படையும் இருந்தன, மறுபக்கம் ஒன்பது மாதம் பள்ளிக்குச் சென்ற ஓர் உழவர் இருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் முடிவு அவருடையதே. அதை எடுத்த சூழ்நிலை அவர் ஏற்படுத்தியதன்று.

கேள்வி: நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரே ஆள் 132 பேரைச் சிறைப்பிடித்தார் என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது. கூட இருந்தவர்கள் யார்?
(வேலூர் வாசகர்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. கூட இருந்தவர்களைப் பற்றிக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1918 அக்டோபர் 8 காலை, பிரான்சின் ஆர்கோன் காட்டில் ஷாதெல்-ஷேஹேரி என்ற ஊருக்கு அருகே, ஒரு ரயில் பாதையைப் பிடிப்பதற்காக அமெரிக்கப் படை முன்னேறியது. மூன்று பக்கத்துக் குன்றுகளிலிருந்தும் மெஷின்கன்கள் சுட்டதால் அப்படை பள்ளத்தாக்கிலேயே முடங்கிப்போனது. பக்கவாட்டில் சுற்றிச் சென்று அந்தத் துப்பாக்கிகளை அடக்க சார்ஜென்ட் பெர்னார்ட் எர்லி தலைமையில் 17 பேர் அனுப்பப்பட்டனர். அவர்கள் எதிரியின் பின்புறம் புகுந்தபோது, காலை உணவில் இருந்த ஒரு ஜெர்மன் குழுவினர் எதிர்ப்பின்றிக் கை தூக்கினர். அதற்குள் மேட்டிலிருந்த மெஷின்கன்கள் திரும்பிச் சுட்டன. சில நொடிகளில் அமெரிக்கர் ஆறு பேர் மாண்டனர், எர்லி உட்பட மூவர் காயமடைந்தனர். பொறுப்பேற்கத் தகுதியுள்ள பதவியில் காயமின்றி மிஞ்சியவர் கார்ப்பரல் யார்க் மட்டுமே.

நிலைமை அவருக்குச் சாதகமாக இருந்த விதத்தை நீங்கள் எளிதில் புரிந்துகொள்வீர்கள். சிறைப்பட்ட ஜெர்மானியர் அமெரிக்கர்களுக்கு அருகிலேயே தரையில் படுத்துக் கிடந்ததால், மேட்டிலிருந்தவர்கள் தங்கள் ஆட்களைத் தவிர்த்துச் சுட வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும். யார்க்கின் ஊரில் திருவிழாப் பந்தயமாக, கட்டைக்குப் பின்னால் வான்கோழியைக் கட்டி வைத்து, அது தலை நீட்டும் கணத்தில் சுடுவார்கள். சிறு வயது முதல் அதில் பழகிய கைக்கு அத்தனை தொலைவு ஒரு பொருட்டே இல்லை. ஆறு பேர் துப்பாக்கி முனைக் கத்தியுடன் ஓடி வந்தபோது, கைத்துப்பாக்கியால் கடைசி ஆளை முதலில் வீழ்த்தி, பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்தவர் வரை சுட்டார். முன்னால் வருபவர் விழுந்தால் பின்னால் வருபவர்கள் தரையில் பதுங்கிக்கொள்வார்கள் என்பதும், கூட்டமாகப் பறக்கும் காட்டு வான்கோழிகளில் கடைசிப் பறவையைத்தான் முதலில் சுட வேண்டும் என்பதும் அந்த மலையில் வேட்டையாடுகிறவர்கள் அறிந்த பாடம். இழப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் அதிகாரி ஃபோல்மர், ஆங்கிலம் தெரிந்தவர், சரணடைவதாகச் சொல்லி ஊதல் ஊதி மற்றவர்களையும் கீழிறங்கச் செய்தார். முகாமுக்குத் திரும்பும் வழியில் இன்னும் சிலர் சேர, எண்ணிக்கை 132 ஆனது. மாண்ட ஜெர்மானியர் சுமார் 25 பேர்.

அந்தக் கைதிகளை நடத்திச் சென்றது யார்க் ஒருவர் அல்ல. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' அவருக்கு வழங்கப்பட்டபோது எழுதிய குறிப்பிலேயே, ஏழு பேரை முன்னடத்தி அவர் அதைச் செய்தார் என்றுதான் இருக்கிறது. பத்திரிகைக் கதையும் பிறகு படமும் அந்த ஏழு பேரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. எர்லிக்கு 1929-இல்தான் ஒரு பதக்கம் கிடைத்தது. வில்லியம் கட்டிங் என்ற பெயரில் பணியாற்றிய கார்ப்பரல் ஓட்டிஸ் மெரித்யூ தம் பங்கு மறைக்கப்பட்டதாகப் பல பத்தாண்டுகள் வாதாடினார். அவருக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வந்தது 1965-இல், யார்க் இறந்ததற்கு அடுத்த ஆண்டு. யார்க்கின் துணிவை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்று அங்கே இறந்த ஆறு பேரின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: அவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டினாராமே?
(தஞ்சாவூர் ஆசிரியை ஒருவர்)

பதில்: கட்டினார். என் மதிப்பீட்டில் அவருடைய வாழ்வின் பெரிய செயல் இதுதான், ஆர்கோன் காடு அன்று.

வெளியுலகைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தம் ஊரின் குறை கண்ணில் பட்டது. பால் மாலில் நல்ல சாலை இல்லை, ஆகவே விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. பள்ளி இல்லை, ஆகவே பிள்ளைகள் தம்மைப்போலவே எழுதப் படிக்கத் தடுமாறுவார்கள். சாலைக்காக மாநில அரசைத் தட்டினார். பள்ளிக்காக 1920-களில் ஊர் ஊராகச் சென்று பேசிப் பணம் திரட்டினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆர்கோன் சண்டையைக் கேட்க ஆசைப்பட்டனர். ஐம்பது மைல் நீளப் போர்முனையில் தாம் நின்றது ஓர் ஆள் நிற்கும் இடம்தான், மலைநாட்டுப் பிள்ளைகளுக்காகப் போரை மறக்கவே முயல்கிறேன் என்ற வகையில் பேசி அவர்களை அவர் ஏமாற்றமடையச் செய்தார்.

பணத்தைவிடப் பெரிய தடை உள்ளூர்த் தலைவர்களிடமிருந்து வந்தது. பள்ளியை எங்கே கட்டுவது என்பதில் அவர்களுக்கும் இவருக்கும் கடும் பகை மூண்டது. யார்க் விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். பள்ளி முயற்சியில் தாம் வகித்த பதவியை உதறிவிட்டு, போட்டியாக வேறொரு பள்ளி தொடங்கத் திட்டமிட்டார், நீதிமன்றம் ஏறினார், முடிவில் நிர்வாகத்தைத் தம் கையில் கொண்டுவந்தார். ஜேம்ஸ்டவுன் நகரில் யார்க் விவசாயப் பள்ளி 1929 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அவரே தலைவர். அப்போதுதான் பெருமந்தம் என்ற பெரும் பொருளாதாரச் சரிவு தொடங்கியிருந்தது. மாநில அரசு தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை. மலையில் சிதறிக் கிடந்த வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரப் பேருந்து இல்லாவிட்டால் பள்ளி இருந்தும் பயனில்லை என்பதால், பாடுபட்டு மீட்ட அதே நிலத்தை அடமானம் வைத்துப் பேருந்துப் போக்குவரத்துக்குப் பணம் கொடுத்தார்.

கடனின் கசப்பை ருசித்தவர், பிறர் பிள்ளைகளுக்காக மறுபடி அதே கடனுக்குள் கால் வைத்தது என்னை ஆழமாகத் தொட்ட செய்தி. 1936-இல் அரசியல் எதிரிகள் அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினர். நிர்வாகத் திறமை அவருக்குக் குறைவு, பிடிவாதம் அதிகம் என்பதும் உண்மைதான். இறக்கப்பட்ட பிறகும் அவர் அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. மறு ஆண்டு மாநிலக் கல்வித்துறை அதை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: புகழ்பெற்றவருக்கே இந்த நிலை என்றால், பதக்கம் எதுவும் பெறாத கிராமத்துச் சிப்பாய்கள் என்ன ஆனார்கள்?
(தேனி வாசகர்)

பதில்: படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது ஒவ்வொருவருக்கும் 60 டாலரும் ஊருக்குப் போக வழிச்செலவும் கிடைத்தன. 1924-இல் நாடாளுமன்றம் கூடுதல் ஊதியம் ஒன்றை அறிவித்தது. ஆனால் அந்தப் பத்திரத்தின் முழுத்தொகை 1945-இல்தான் கிடைக்கும் என்றது. வேலையும் விளைச்சலும் இல்லாத 1932-இல், அந்தப் பணத்தை அப்போதே தரச்சொல்லி ஆயிரக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள் வாஷிங்டன் நகரில் குடிசை போட்டுத் தங்கினர். ஜூலை 28 அன்று ராணுவமே வந்து அவர்களை விரட்டியது. பணம் 1936-இல் வழங்கப்பட்டது. இந்தக் கசப்பான அனுபவத்துக்குப் பிறகுதான், 1944-இல், அடுத்த போரின் வீரர்களுக்குப் படிப்பும் வீட்டுக்கடனும் உறுதி செய்யும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. யார்க்கின் தலைமுறைக்கு அது காலங்கடந்து வந்த ஞானம்.

கேள்வி: படத்தால் அவருக்குப் பணம் வந்திருக்குமே? கடைசிக் காலத்தில் வறுமையில் இறந்தார் என்கிறார்களே, எது சரி?
(மதுரை வாசகி)

பதில்: இரண்டும் சரி, ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது.

இருபது ஆண்டுகளாகப் படத்துக்கு மறுத்து வந்த யார்க், 1940-இல் இசைந்ததற்குக் காரணம் தம் ஊரில் ஒரு வேதாகமப் பள்ளி கட்ட வேண்டும் என்ற ஆசை. ஜெஸ்ஸி லாஸ்கி தயாரிப்பில், ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கத்தில், கேரி கூப்பர் நடித்த அந்தப் படம் பெருவெற்றி பெற்றது. கூப்பருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. யார்க்குக்கு வந்த பங்குத்தொகையும் பெரிதுதான். ஆனால் அவர் கையில் பணம் தங்கும் மனிதர் அல்லர். பள்ளிக்குக் கொடுத்தார், கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தார், கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் இருந்ததில்லை. 1951-இல் வருமான வரித் துறை, படத்தால் வந்த வருவாய்க்கு முறையாக வரி கட்டவில்லை என்று வழக்குத் தொடுத்தது. வட்டி ஏற ஏற, கேட்கப்பட்ட தொகை 1,72,000 டாலரைத் தாண்டியது.

உடலும் கைவிட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோதே, ஐம்பத்து நான்கு வயதில் மீண்டும் படையில் சேர முன்வந்தவரை, மூட்டுவலியும் உடற்பருமனும் காரணமாகப் போர்முனைக்கு எடுக்காமல், முகாம்களில் பேசுவதற்கு மட்டும் அனுப்பினார்கள். (தம் மாவட்டத்து ஆள்சேர்ப்புக் குழுவுக்கு அப்போது அவரே தலைவராக இருந்தார். முன்பு விலக்குக் கேட்டு மறுக்கப்பட்டவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.) 1954-இல் வந்த பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. அதன்பின் பத்து ஆண்டுகள் அவர் எழுந்து நடக்கவில்லை. நாஷ்வில் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கும் பால் மால் வீட்டுக்குமாக மாறி மாறிக் கொண்டுசெல்லப்பட்டார். வீட்டில் இருந்த நாள்களில் பார்த்துக்கொண்டவர் கிரேசி. உதவித்தொகை என்று பார்த்தால், அந்த உயர்ந்த பதக்கம் பெற்றவர்களுக்கு 1916-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது 65 வயதுக்கு மேல் மாதம் 10 டாலர். அது 100 டாலராக உயர்ந்தது 1961-இல்தான்.

படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரிடம் ஒன்றேமுக்கால் லட்சம் டாலரைக் கேட்டுக் கொண்டிருந்தது, அவரை முன்னிறுத்திப் போருக்கு ஆள் சேர்த்த அதே அரசு. வரி எல்லோருக்கும் பொது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து ஆண்டுகள் வட்டியோடு துரத்தியதற்கு அந்த வாதம் போதாது. கடைசியில் நாடாளுமன்ற அவைத்தலைவர் சாம் ரேபர்னும், யார்க்கின் பகுதி உறுப்பினர் ஜோ எவின்ஸும் நிதி திரட்டினர். ஜனாதிபதி கென்னடியும் விஷயத்தை முடிக்கச் சொன்னார். 1961-இல் 25,000 டாலரோடு கணக்குத் தீர்ந்தது. பொதுமக்கள் அனுப்பிய பணத்திலிருந்துதான் அதுவும் கட்டப்பட்டது. ஆக, தம் வாழ்நாளில் இரண்டாவது முறையாக, ஊரார் நன்கொடையால் கடனிலிருந்து அவர் மீட்கப்பட்டார். முதல் முறை அவர் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இம்முறை கேட்கும் நிலையிலும் அவர் இல்லை.

1964 செப்டம்பர் 2 அன்று, நாஷ்வில் மருத்துவமனையில், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் யார்க் இறந்தார். வயது 76. ஆர்லிங்டன் போன்ற தேசிய மயானத்தில் இடம் பெறும் தகுதி இருந்தும், பால் மாலில் உல்ஃப் ஆற்று மயானத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். ஜனாதிபதி ஜான்சன் சார்பில் தளபதி மேத்யூ ரிட்ஜ்வே வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் 82-ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பதால், பழைய படைப்பிரிவே வந்து வழியனுப்பியதாகக் கொள்ளலாம். கிரேசி இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1984-இல் இறந்தார்.

கேள்வி: அவர் நினைவாக இப்போது அங்கே என்ன இருக்கிறது?
(சேலம், கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: அவர் வாழ்ந்த வீட்டையும் ஆற்றங்கரையில் அவர் நடத்திய மாவரைக்கும் ஆலையையும் டென்னசி அரசு வரலாற்றுப் பூங்காவாகப் பராமரிக்கிறது, பால் மாலுக்குச் செல்பவர்கள் இரண்டையும் காணலாம். மர்ஃப்ரீஸ்போரோ நகரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கிராஸ்வில் அருகே கம்பர்லேண்ட் மலைப் பூங்காவில் உள்ள பேர்ட் ஏரியை உருவாக்கும் பணி, 1930-களில் இளைஞர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ் அவர் மேற்பார்வையில் நடந்தது. அந்த அணையையும் பார்க்கலாம். வேதாகமப் பள்ளி நீடிக்கவில்லை. ஜேம்ஸ்டவுன் பள்ளி மட்டும் இன்றும் மாநில அரசின் நேரடிப் பொறுப்பில் உயர்நிலைப் பள்ளியாக நடந்துவருகிறது. சொந்தமாகப் பண்ணை நிலம் வைத்து விவசாயமும் கற்பிக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்களே.